முதல் 28 நாள்: ஒரு மருத்துவச் சொல்லின் வரலாறு

சொற்கள் பொருள்களைச் சுட்டுவதோடு அமைவனவல்ல. அவை எல்லை வகுக்கும் பணியையும் ஆற்றுவன. ஒரே பரப்பாய்க் கிடக்கும் நிலத்தை வேலியிட்டுக் காணிகளாகப் பிரித்தல் போல, ஒரே ஓட்டமாய்ச் செல்லும் மனித வாழ்வைப் பருவங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயரிடுதல் எல்லாச் சமுதாயங்களிலும் காணப்படும் வழக்கமாகும். அவ்வாறு வகுக்கப்பட்ட வேலிகளுள் மிகச் சிறிய காணியை அடைப்பது, மேனாட்டு மருத்துவர் வழங்கும் ‘நியோனேற்’ என்னுஞ் சொல். பிறந்த கணந் தொடங்கி 28 நாள் நிறைவெய்தும் வரையுள்ள குழவி என்பதே அதன் பொருள். இவ்வளவு குறுகிய காலத்துக்குத் தனிப்பெயர் வேண்டுமோ என வினவுவார் இருக்கலாம். அப்பெயர் தோன்றிய வரலாற்றை நோக்கின், அது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று, எண்ணிறந்த உயிர்கள் எண்ணப்படாது போன வரலாறும் அவை எண்ணப்படத் தொடங்கிய வரலாறுமாம் என்பது புலனாகும். அதனைச் சுருங்க ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

‘நியோ’ என்பது புதிது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் வந்தது. ‘நாத்துசு’ என்பது பிறந்தது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். எனவே இஃது இரு மொழிகளின் உறுப்புக்களைப் புணர்த்து ஆக்கப்பட்ட கலப்புச் சொல்லாகும். தூய்மை நாடும் மொழிநூலார் இதனைக் குறைகூறலாமாயினும் மருத்துவ உலகம் இதனை மனமுவந்து ஏற்றுக்கொண்டது.

இதனோடு ஒருங்கு வைத்து நோக்கத்தக்க சொல், நாம் ‘சிசு’ என்று பெயர்க்கும் ‘இன்பன்ற்’ என்பது. பேசாதது என்பதே அதன் இலத்தீன் மூலப்பொருள். புள்ளிவிவர வழக்கில் ஓராண்டு நிறையாத குழந்தை அனைத்தும் சிசுவேயாம். ஆகவே நியோனேற் அனைத்தும் சிசு. சிசு அனைத்தும் நியோனேற் அன்று. செய்தித்தாள்களிலும் உரைகளிலும் இவ்விரண்டையும் மயங்க வழங்குவதால், முதன்மாத இறப்பைப் பற்றிய கூற்றை ஓராண்டு இறப்பைப் பற்றியதாக வாசகர் கொள்ளும் பிழை அடிக்கடி நேர்கின்றது.

வழக்கிலுள்ள நுட்பங்கள் இன்னுஞ் சில உள. முதல் ஏழு நாளுள் நிகழும் இறப்பு முற்பகுதியைச் சார்ந்தது என்றும், அதன்பின் 28 நாள் நிறையுமுன் நிகழ்வது பிற்பகுதியைச் சார்ந்தது என்றும் பிரிக்கப்படும். பிறந்த நாள் முதலாம் நாளாக அன்றிச் சுழிய நாளாகக் கணிக்கப்படும். பத்துக் கிழமை முந்திப் பிறந்த பிள்ளையாயினும் வயது பிறப்பிலிருந்தே எண்ணப்படும். அது நாற்பது நாள் வாழ்ந்துவிடின், உருவிற் சிறிதாயினும், இச்சொல்லின் எல்லையைக் கடந்ததாகவே கொள்ளப்படும். உயிருடன் பிறந்தது எதுவென்பதற்கும் உலக சுகாதாரப் பேரவை 1950ஆம் ஆண்டில் இலக்கணம் வகுத்தது. தாயினின்றும் வேறாகிய பின் மூச்சோ, நெஞ்சத் துடிப்போ, கொப்பூழ்க்கொடியின் துடிப்போ, தசையின் அசைவோ தோன்றின், கருப்பக்காலம் எத்துணைக் குறுகியதாயினும், அஃது உயிர்ப்பிறப்பே என்பது அவ்விலக்கணம். ஒரே மூச்சு விட்டு மடிந்த குழவியும் பிறந்ததாகவும் இறந்ததாகவும் பதியப்படும் உரிமையை இதனாற் பெற்றது.

பெயரில்லாத காலம்

இனி, இச்சொல் தோன்றுமுன் இக்குழவிகளைச் சமுதாயம் எவ்வாறு நோக்கிற்று என்பதைக் காண்பாம். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதை எடுத்தோதுகின்றது. அவற்றுள் மக்களுக்கு உரியனவாகக் குழவி, மகவு என்னும் இரண்டையே விதித்து, பிள்ளை என்னும் பெயரைப் பறவை முதலியவற்றுக்கு உரியதாக வைக்கின்றது. இன்று யாழ்ப்பாணத்து வீடுகளிற் பிள்ளை என்னும் சொல்லே மகவைக் குறிக்க முதலில் வாயில் வருவது காலத்தின் மாற்றமாகும். எனினும் குழவியோ மகவோ முதல் மாதத்துக்கென வரையறுக்கப்பட்ட பெயரன்று. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தமும் இத்தகையதே. காப்புப் பருவத்தை இரண்டாந் திங்களிலோ மூன்றாந் திங்களிலோ தொடங்குமாறு பாட்டியல் நூல்கள் கூறும். தலைமகனைக் குழவியாக்கிப் பத்துப் பருவம் பாடிய புலவர் மரபு முதல் மாதத்தைப் பாடாது விட்டது. உயிர் நிலைக்குமோ நிலையாதோ என்ற ஐயம் நீங்கிய பின்னரே பாட்டுக்கு இடமுண்டாயிற்று என்று கருத இடமுண்டு.

ஆயின் சங்க நூலுள் இதற்கு மாறான குரலொன்றும் கேட்கின்றது. சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாகப் புறநானூற்றில் உள்ள பாடல், அரசர் குடியிற் குழவி இறந்தாலும், உருவற்ற தசைப்பிண்டமாய்ப் பிறந்தாலும், அதனையும் ஆளாகவே மதித்து வாளாற் கீறி அடக்கஞ் செய்யும் வழக்கைக் குறிக்கின்றது. அது மறக்குடியின் மானத்தைப் பற்றிய பாடலேயாயினும், பிறந்து மடிந்த குழவி ஆளா, அன்றா என்னும் வினா அன்றே எழுந்தது என்பதற்குச் சான்றாகும்.

மேனாட்டில் அவ்வினா வேறு வடிவில் எழுந்தது. இங்கிலாந்திலே திருமுழுக்கின்போது குழந்தைக்கு வெண்டுகில் ஒன்று போர்த்தப்படும். அதற்குக் ‘கிரிசம்’ என்று பெயர். தாய் ஏறத்தாழ ஒரு திங்களின் பின் கோயிலுக்கு வந்து நன்றி செலுத்தும் வரை அத்துகில் குழந்தைக்கு உரியது. அதற்குள் குழந்தை இறந்துவிடின் அதுவே பிணத்துகிலாகும். இதனால் முதன்மாதத்துள் மாண்ட குழவிக்கே ‘கிரிசம்’ என்பது பெயராயிற்று. யோன் கிரோண்ட் என்பார் 1662ஆம் ஆண்டில் இலண்டன் நகர இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து வெளியிட்ட நூல் மக்கட்டொகை ஆராய்ச்சியின் முதனூலாகப் போற்றப்படுவது. அதில் எடுத்துக்காட்டப்பட்ட 1632ஆம் ஆண்டுப் பட்டியலில், அடக்கஞ் செய்யப்பட்டோர் 9535 பேருள் ‘கிரிசமும் சிசுவும்’ என்ற தலைப்பின்கீழ் 2268 பேர் உளர். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அங்கே வயது நோயின் இடத்தைப் பெற்றிருத்தல் கவனிக்கத்தக்கது. முதியோர் காய்ச்சலாலும் கயத்தாலும் இறந்தனர். குழவிகளோ குழவியாயிருந்தமையாலேயே இறந்தன. காரணம் வினவுவார் இலர்.

இலத்தீன் நோய்ப்பெயர்கள்

19ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. மருத்துவர் குழவிகளின் நோய்களைத் தனித்தனி நோக்கி, ‘நியோநேற்றோரம்’, அதாவது புதிதாய்ப் பிறந்தோருடைய, என்னும் இலத்தீன் அடைமொழியை நோய்ப்பெயர்களின் ஈற்றிற் சேர்த்து வழங்கினர். குழவிக் கண்ணழற்சி, குழவி ஏற்புவலி, குழவி மஞ்சணோய் என்பன அவ்வாறு பெயர் பெற்றவை. பெயர் பெற்ற நோய் காரணந் தேடப்படும் நோயாயிற்று.

செருமனியில் இலைப்சிக் நகரத்து மகப்பேற்று மருத்துவராகிய கிறெடே, பிறந்தவுடன் குழவியின் கண்ணில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை ஒரு துளி இடும் முறையை 1880ஆம் ஆண்டிற் கைக்கொண்டார். அவருடைய மனையில் நூற்றுக்குப் பத்தளவில் இருந்த கண்ணழற்சி ஒன்றுக்குங் கீழே இறங்கிற்று. குருடாகப் பிறந்தவர் எனக் கருதப்பட்டோருட் பலர் உண்மையிற் பிறந்த பின்னரே குருடாயினர் என்பது உலகுக்கு விளங்கிற்று.

ஏற்புவலியின் வரலாறு இதனினும் துயரானது. இசுக்கொத்துலாந்துக்கு மேற்கே உள்ள செயின்ற் கில்டா என்னுந் தீவிலே 19ஆம் நூற்றாண்டிற் பிறந்த குழந்தைகளுள் அரைப்பங்குக்கு மேற்பட்டவை ‘எட்டாம் நாள் நோய்’ என்று அவ்வூரார் அழைத்த இந்நோயால் மாண்டன. அது தெய்வ சித்தமெனக் கொள்ளப்பட்டது. தொப்புட் புண்ணின் வழியே கிருமி புகுவதனால் விளைவதென்பதை உணர்ந்து, 1890களின் தொடக்கத்தில் அங்கிருந்த போதகர் அங்கசு பிடிசு கிருமியகற்றும் முறையைக் கற்றுவந்து கைக்கொள்ளச் செய்தார், நோய் நின்றது. தூய கத்தியும் தூய நூலும் தாய்க்கு இடும் தடுப்பூசியும் இன்று உலகெங்கும் செய்யும் காவலும் அதுவே. இலங்கையையும் உள்ளடக்கிய தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையினின்றும் ஒழிக்கப்பட்டதென 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

மெலியாரும் குறைமாதத்தாரும்

நோயுற்ற குழவிக்குப் பெயர் கிடைத்தது. நோயின்றியே மடிந்த சிறு குழவிக்கோ ‘மெலியார்’ என்பதே பிரான்சு நாட்டில் வழங்கிய பெயர். வாழ வலியற்றது மடிந்தது என்று கூறுவதில் மேலும் ஆராய்வதற்கு இடமில்லை. இந்த அடைப்பை உடைத்தவர் பாரிசு நகரத்து மகப்பேற்று மருத்துவராகிய தார்னியே. விலங்குக்காட்சிச் சாலையில் கோழிமுட்டைகளைப் பொரிக்கவைக்கும் பெட்டியைக் கண்ட அவர், குழவிக்கும் அத்தகைய வெப்பம் உதவுமெனக் கருதி, 1880ஆம் ஆண்டளவில் வெந்நீரால் வெப்பமூட்டும் பெட்டியொன்றைச் செய்வித்தார். அதற்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயர் அடைகாக்குங் கோழியையுங் குறிப்பதாகும். அவர் மாணவர் ஓவார் 1883ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 2000 கிராமுக்குக் குறைந்த குழவிகளின் இறப்பு நூற்றுக்கு 66இலிருந்து 38ஆகக் குறைந்தது. மெலிவென்று கூறப்பட்டதிற் பெரும்பகுதி குளிரேயென்பது இதனாற் புலனாயிற்று.

தார்னியேயின் வழிவந்த புதேன் வெப்பம், பால், தொற்றுநோய்த் தடுப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கு வற்புறுத்தினார். குழவியைப் பெட்டியில் இட்டுத் தாயை வீட்டுக்கு அனுப்பிவிடின் தாய்க்குப் பிள்ளைமேற் பற்று அற்றுப்போதலைக் கண்டு, தாயை அருகில் வைத்துப் பாலூட்டுவித்தவரும் அவரே. 1900ஆம் ஆண்டில் வெளிவந்த அவர் நூல் இத்துறைக்கு முதனூல் எனத் தகும்.

இனி எழுந்த வினா, எதனைக் குறைமாதக் குழவி என்பது? பின்லாந்து நாட்டவரும் பேர்லின் நகரிற் பணியாற்றியவருமாகிய இல்ப்போ, 1919ஆம் ஆண்டளவில் 2500 கிராமை எல்லையாகக் கொண்டார். 1948ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவையும் அதனை ஏற்றது. நிறுத்தல் எளிது, கருப்பக்காலத்தைத் துணிதல் அரிது, ஆதலின் தராசு நாட்காட்டியின் வேலையைச் செய்தது. ஆனால் எம்மவை போன்ற தென்னாசிய நாடுகளில் நிறைமாதத்திற் பிறந்தும் 2500 கிராமுக்குக் குறைந்த குழவிகள் மிகப் பல. அவற்றைக் ‘குறைமாதம்’ என்றமை பிழையாயிற்று. அவற்றின் குறை காலத்தின் குறை அன்று. பெரும்பாலும் தாயின் ஊட்டத்தின் குறை. அரிசிப் பானையில் தேடவேண்டிய காரணத்தை நாட்காட்டியில் தேடவைத்தது ஒரு சொல். 1961ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இவ்விரண்டையும் பிரித்து, நிறையாற் குறைந்ததைக் குறைந்த பிறப்பு நிறை என வழங்குமாறு விதித்தது. இன்று 37 கிழமை நிறையாது பிறந்ததே குறைமாதக் குழவி எனப்படும். 

எண்ணிக்கை தந்த அறிவு

பிறப்பும் இறப்பும் அரசாற் பதியப்பட்ட பின்னர், ஓராண்டுள் இறக்கும் சிசுக்களின் வீதத்தைக் கணித்தல் வழக்கமாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தூய நீரும் நல்ல பாலும் பரவியபோது மேனாடுகளில் அவ்வீதம் விரைந்து வீழ்ந்தது. ஆனால் மாதவாரியாகப் பிரித்து நோக்கியோர், முதல் மாதத்து இறப்பு அவ்வாறு வீழாது ஏறக்குறைய நின்றபடியே நிற்கக் கண்டனர். பிரெஞ்சு அறிஞர் பூர்சுவா பிசா 1951ஆம் ஆண்டில், பிறப்போடு வந்த காரணங்களால் நேரும் இறப்பும், பின்னர்ச் சூழலினின்று வந்த காரணங்களால் நேரும் இறப்பும் வேறென விளக்கினார். முன்னையது முதல் மாதத்திற் குவிந்து கிடப்பது. அம்மாதத்தை வேலியிட்டுப் பிரித்திராவிடின் இவ்வுண்மை ஆண்டுக் கணக்கினுள் அமிழ்ந்தே போயிருக்கும். மாதம் என்பது 28 நாளாகவும் 31 நாளாகவும் அமையுமாதலின், எந்நாட்டையும் எந்நாட்டோடும் ஒப்பிடற்கு ஏற்ப நான்கு கிழமையே அளவாயிற்று.

எமது நாட்டு வரலாறும் இதனையே காட்டும். மலேரியாக் கொள்ளைநோய் வருத்திய 1935ஆம் ஆண்டில் இலங்கையில் ஆயிரம் உயிர்ப்பிறப்புக்கு 263 சிசுக்கள் மாண்டன. 1946ஆம் ஆண்டில் அத்தொகை 141. 1947ஆம் ஆண்டில் 101. மருத்துவ மாதரும் மகப்பேற்று மனைகளும் பள்ளிக்கல்வியும் பெருகப் பெருக அது மேலும் இறங்கி, இன்று பத்துக்குங் கீழே நிற்கின்றது. எஞ்சிய இறப்புக்களுட் பெரும்பாலன முதல் 28 நாளுள் நிகழ்வன. உலக முழுவதையும் நோக்கின் 2022ஆம் ஆண்டில் ஐந்து வயது நிறையாது இறந்த 49 இலட்சம் குழந்தைகளுள் 23 இலட்சம் முதல் மாதத்துள் இறந்தவை. வெளியே இருந்த பகைவர் விரட்டப்பட்ட பின், கோட்டை வாயிலில் நிற்கும் பகைவனே முதன்மை பெறுதல் போன்றது இது.

துறையும் அதன் குறையும்

1952ஆம் ஆண்டில் நியூயோர்க்கு நகரத்து மயக்கமருந்து மருத்துவராகிய வேர்ஜீனியா அப்கார் அம்மையார், பிறந்த ஒரு நிமிடத்துள் நெஞ்சத் துடிப்பு, மூச்சு, தசைவலி, தூண்டலுக்கு எதிர்வினை, நிறம் என்னும் ஐந்தையும் நோக்கிப் பத்துக்கு இத்தனை எனப் புள்ளியிடும் முறையை எடுத்துரைத்தார். அதுவரை மகப்பேற்று அறையில் எல்லோர் கண்ணுந் தாய்மேலேயே இருந்தது; குழவியை நோக்குதற்கும் ஒருவர் வேண்டும் என்ற முறை இதனால் நிலைபெற்றது. 1960ஆம் ஆண்டிற் பால்ரிமோர் நகரத்து அலெக்சாந்தர் சேபர் தம் நூலில் ‘நியோனற்றோலொஜி’ என்னுஞ் சொல்லை ஆக்கி, இதனைத் தனித்துறையாக நிறுத்தினார்.

1963ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அமெரிக்க சனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரைக் கிழமை முந்திப் பிறந்து, 39 மணி நேரம் வாழ்ந்து, நுரையீரற் கோளாற்றால் மாண்டான். நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டாது காக்கும் பொருளின் குறைவே அக்கோளாற்றின் காரணம் என்பதை மேரி எலன் ஏவெரி அம்மையார் 1959ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். அதனைச் செலுத்தி உயிர் காக்கலாம் என்பதை யப்பானியராகிய புசிவாரா நிறுவியது 1980ஆம் ஆண்டில். உலகின் வலிமை மிக்க அரசின் தலைவனால் அன்று தன் மகவுக்குக் கொடுக்க முடியாத வாழ்வை, இன்று எளிய வைத்தியசாலைகளும் அத்தகைய குழவிகளுக்குக் கொடுக்கின்றன.

ஆயினும் சொல் ஒன்று ஆக்கப்பட்டதனால் எல்லாம் நிறைவேறிவிடவில்லை. குழவிக்கு நோவு உணர்ச்சி இல்லையென்ற கொள்கை 1980கள் வரை நிலவிற்று. போதிய நோவடக்கி மருந்தின்றியே அவற்றின் உடலிற் சத்திர வைத்தியஞ் செய்யப்பட்டது. ஆனந்து, இக்கி என்னும் இருவர் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையே அக்கொள்கையைத் தகர்த்தது. கலைச்சொல் நுட்பந் தருமாயினும், அதனாற் சுட்டப்படுவது ஒரு தாயின் பிள்ளை என்பதை மறக்கச் செய்யவும் கூடும். பெட்டிகள் போதாமையால் 1978ஆம் ஆண்டில் கொலம்பியா நாட்டுப் பொகோத்தா நகரிலே மருத்துவர் இரேய், தாயின் மார்பில் தோலொடு தோல் பொருந்தக் குழவியைக் கட்டிவைத்துக் காக்கும் முறையைத் தொடங்கினார். வறுமையிற் பிறந்த அம்முறை இன்று செல்வ நாடுகளிலும் ஏற்கப்பட்டுள்ளது. நூறாண்டு ஆராய்ச்சியின் பின் மருத்துவம் அடைகாக்குங் கோழியினின்றும் தாயின் மடிக்கே மீண்டது.

தமிழிற் பெயர்

இறுதியாக, இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு வழங்குதல் தகும்? இவ்வினா எமக்குப் புதியதன்று. மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்கராகிய சாமுவேல் பிசுக் கிறீன், மோன்செல் என்பாரின் பிரசவ வைத்திய நூலை 1857ஆம் ஆண்டில் தமிழில் வெளியிட்டார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கலாமென்பதைச் செயலாற் காட்டினார். அவர் தொடக்கிய பணியைத் தொடர்வோர்க்கு இச்சொல் ஒரு சோதனையாகும்.

‘சிசு’ என்பது ஓராண்டுக்கு உரித்தாகிவிட்டமையின் இங்கு ஆகாது. தமிழகத்து வைத்தியசாலைகளில் வழங்கும் ‘பச்சிளங் குழந்தை’ என்னுந் தொடர் பொருத்தமானது. பச்சைப்பிள்ளை, பச்சையுடம்பு என்று பாட்டிமார் வழங்கும் மொழியினின்றும் பிறந்த அது, அன்னையையும் மகவையும் ஒரே சொல்லாற் சுட்டும் நயமுடையது. ஆனால் வீட்டுவழக்கில் ஆறுமாதக் குழந்தையும் பச்சைப்பிள்ளையே. எனவே கலைச்சொல்லாக வழங்குங்கால் 28 நாள் என்னும் வரையறையைச் சேர்த்தே வழங்குதல் வேண்டும். வரையறை இல்லாத கலைச்சொல் வேலியில்லாத காணியை ஒக்கும்.

அவ்வரையறை எம் மரபுக்கு அயலானதும் அன்று. பிள்ளை பிறந்த வீட்டில் 31ஆம் நாளிலே துடக்குக் கழித்தல் யாழ்ப்பாணத்துச் சைவர் வழக்கம். பிறந்த நாளையும் சேர்த்து எண்ணுதலால் அது நிறைந்த நாள் முப்பதாகும். மருத்துவர் எல்லைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு இரண்டே நாள். இலண்டன் மாநகரத்துக் கிரிசத் துகிலும் அவ்வளவினதே. வெவ்வேறு சமயத்தாரும் வெவ்வேறு நாட்டாரும் ஒரே காலவெல்லையை உணர்ந்திருந்தனர். முதல் மாதத்தைக் கடந்த பிள்ளையே நிலைக்கும் பிள்ளை என்பது அனைவரும் துயரத்தாற் கற்ற பாடம். முன்னோர் அவ்வெல்லைக்குள் தாயையும் சேயையும் ஒதுக்கிவைத்துக் காத்தனர். காரணம் அறியாராதலின் இழந்தவற்றை விதியென்று ஆற்றினர். மருத்துவம் அதே எல்லைக்குப் பெயரிட்டு, எண்ணி, காரணந் தேடிற்று. பெயர் பெற்ற பின்னரே எண்ணிக்கையும், எண்ணிய பின்னரே காவலும் வந்தன. ஆதலின் இச்சொல்லை வழங்கும் மாணவர், அதன் பொருளைத் திருத்தமாக அறிந்து வழங்குவாராக. அதன் பின்னால், பெயரும் இடப்படாது மறைந்த எத்தனையோ குழவிகள் நிற்கின்றன.